இருநூற்றுப் பத்து மீட்டர் முடி

இமயமலை ஏறி வந்தவர் என்று ஓர் இனம் இருக்கிறது. நம் பக்கத்தில் சமீப காலமாகத்தான் தென்படுகிறது. முன்பெல்லாம் இமயத்துக்குப் போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். ஊரும் அதை எதிர்பார்த்ததில்லை. இப்போது பதினாறு நாளில் திரும்பி வந்துவிடுகிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடையாளம் கண்டுகொள்வது கடினமில்லை. சித்திரை வெயிலில், திருத்தணி பஸ் நிலையத்தில், திருப்பதி பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டத்துக்கு நடுவே, காதுவரை இறங்கும் கம்பளிக் குல்லாயோடு ஒருவர் நின்றால் அவர்தான். இடுப்பில் ஓர் இரும்புக் கொக்கி தொங்கும். பனிச்சரிவில் கயிற்றோடு உயிரைப் பிணைத்துக்கொள்வதற்கான கொக்கி அது. இப்போது கடைச் சாவி தொங்குகிறது.

எந்தப் பேச்சையும் அவர் "அங்க மேல" என்றுதான் தொடங்குவார். எந்த மேலே என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் இன்னொரு தரம் சொல்வார். டீக்கடையில் டீ ஆறிப்போயிருக்கிறது என்று யாராவது குறைப்பட்டுக்கொண்டால், அங்க மேல தண்ணி எண்பது டிகிரியிலேயே கொதித்துவிடும் என்ற தகவல் கிடைக்கும். மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் போயிற்று. சட்டைப்பையிலிருந்து விரலில் மாட்டும் அந்தச் சின்ன ஆக்சிஜன் கருவியை எடுத்து, உங்கள் விரலைக் கேட்காமலே வாங்கி, மாட்டி, எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். தொண்ணூற்றெட்டு. ஊரில் எல்லாருக்கும் தொண்ணூற்றெட்டுதான். அவருக்கு அறுபத்திரண்டு இருந்தது. அதைத் தன் மகன் வாங்கிய மதிப்பெண்ணைப்போலச் சொல்வார்.

சரி, அவர் ஏறினாரா? ஏறினார். எப்படி ஏறினார் என்று கேட்பது நாகரிகமில்லை, ஆனாலும் கேட்போம். அவருடைய பையைக் கோவேறு கழுதை சுமந்தது. கூடாரத்தை இரண்டு பேர் சுமந்தார்கள். அரிசி, பருப்பு, அடுப்பு, முட்டை, ஊறுகாய் எல்லாவற்றையும் சமையல்காரர் சுமந்து, இவருக்கு முன்னால் போய், இவர் வந்து சேரும்போது சூடாக சூப் வைத்திருந்தார். காலையில் படுக்கைக்கே டீ வந்தது. பனியில் வழுக்காமலிருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களைக்கூட வழிகாட்டிதான் குனிந்து மாட்டிவிட்டார். இவர் மேலே கொண்டுபோனது தன் உடம்பை மட்டும். கடைசி நாளில் அதையும் கயிற்றில் இழுக்க வேண்டியிருந்தது.

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாகேந்திரன். வயது நாற்பத்தொன்பது. திருத்தணியில் பெயின்ட் கடை. நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலிருந்து ஆள்களை ஏணியில் ஏறச் சொல்லும் தொழில். மருத்துவர் நடக்கச் சொன்னார்; இவர் இமயமலைக்குப் பதிவு செய்துவிட்டார். இனத்தின் இயல்பு அது. கே.ஜி.கண்டிகை வரை நடந்து திரும்பியிருந்தால் யாரும் மாலை போடப்போவதில்லை.

இவரிடம் பெருமைக்குரியது இன்னொன்றும் இருந்தது. தலைமுடி. அந்த வயதில் அந்தத் தெருவில் அப்படியொரு அடர்த்தி யாருக்கும் கிடையாது. முன்பக்கம் ஓர் அலை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மை.

கிளம்பின அன்று வழியனுப்ப மனைவி தாயாரம்மாள் ரயில் நிலையத்துக்கு வந்தார். கூடவே தம்பி பாலமுருகனும். அவருக்கு ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி, ஞாயிறு தவறாமல் டவுன் பஸ்ஸில் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார். சென்னைக்குப் போகும் மின்சார ரயில் வந்து நின்றதும், தாயாரம்மாள் மலைப்பக்கம் திரும்பி, நடைமேடை முழுக்கக் கேட்கும்படி கைகூப்பினார்.

"முருகா, எங்க வூட்டுக்காரு அந்த மலைய முழுசா ஏறிட்டு நல்லபடியா வந்தாருன்னா, உன் படி அத்தினியும் நடந்து வந்து முழு மொட்ட போட்டுப்பாரு."

நேர்ந்துகொள்வது ஒருவர், தலை இன்னொருவருடையது. இதுவும் நம் வழக்கம்தான். நாகேந்திரன் பெட்டிக்குள்ளிருந்து பெருந்தன்மையாகத் தலையசைத்தார். அலை அசைந்தது.

சிகரத்தின் உயரம் ஆறாயிரத்து நூற்றிருபது மீட்டர். கூட்டிப்போன நிறுவனம் பதினான்கு பேருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுகளை வாடகைக்குக் கொடுத்திருந்தது. சிகர நாளன்று காலை ஏழு மணிக்கு, ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாவது மீட்டரில், நாகேந்திரன் பனியில் உட்கார்ந்தார். காலணிக் கயிறு தளர்ந்துவிட்டது என்றார். கட்டினார். அவிழ்த்தார். கட்டினார். நான்காவது முறை அவிழ்த்தபோது வழிகாட்டி நோர்பு வானத்தைப் பார்த்துவிட்டு, போதும் ஐயா, மலை இங்கேயேதான் இருக்கும் என்று இந்தியில் சொன்னார். நாகேந்திரன் மறுக்கவில்லை. தணிகை மலையிலிருந்து கொண்டுவந்த விபூதிப் பொட்டலத்தை நோர்புவின் கையில் கொடுத்து, மேலே வைத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். பிறகு உதவியாளர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் நோர்பு ஒரு படம் அனுப்பினார். சிகரத்தில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒருவர், கறுப்புக் கண்ணாடி, முகத்தை மறைத்த துணி, தூக்கிய கை. அது குழுவில் வந்திருந்த புனே பல் மருத்துவர் ஒருவர். படத்தின் ஓரத்தில் விபூதிப் பொட்டலம் தெரியும். அதற்காகத்தான் நோர்பு அனுப்பினார்.

இந்த இடத்தில் இனத்தின் தனித்திறமையைக் கவனியுங்கள். நாகேந்திரன் பொய் சொல்லவில்லை. கைபேசியில் தன் முகப்புப் படமாக அதை வைத்தார். அவ்வளவுதான். சார் நீங்களா என்று கேட்டவர்களைப் பார்த்துச் சிரித்தார். சிரித்ததற்கு யார் என்ன செய்ய முடியும்? ஒரு வாரத்தில் சிரிப்பு தலையசைப்பாயிற்று. இரண்டாவது வாரம் தலையசைப்பு "ஆங்" ஆயிற்று. மூன்றாவது வாரம், உச்சியில் நின்றபோது கால் நடுங்கியதா என்று யாரோ கேட்க, நடுங்கவில்லை என்று உண்மையையே சொன்னார். நிற்காத இடத்தில் கால் எப்படி நடுங்கும்?

நிறுவனம் கொடுத்த சான்றிதழ் கடையில் சட்டம் போட்டுத் தொங்கியது. அதில் 'பங்கேற்றார்' என்று ஒரு வரி. அந்த வரிக்கு நேரே தினசரி நாள்காட்டி மாட்டப்பட்டது. நாள் போகப் போக நாள்காட்டி மெலியும் என்பதை அவர் யோசிக்கவில்லை. டிசம்பருக்கு இன்னும் மாதங்கள் இருந்தன.

எல்லாம் சரியாகப் போயிருக்கும். தலைதான் இடித்தது.

திருத்தணியில் மொட்டைத் தலை செய்தியில்லை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் மலையிலிருந்து சந்தனத்தோடு இறங்கி வருகின்றன. நேர்ந்துகொண்டும் மழிக்காத தலைதான் செய்தி. நடைமேடையில் அன்று நின்றவர்கள் பெயின்ட் வாங்க வருவார்கள். விலை கேட்பார்கள், பிறகு தலையைப் பார்ப்பார்கள்.

மொட்டை போட்டுக்கொண்டால் என்ன? முடி வளராதா? அப்படித்தான் நீங்களும் நானும் நினைப்போம். ஆனால் நாகேந்திரன் பக்தர். மனிதர்களிடம் சிரித்து மழுப்ப அவருக்குக் கூச்சமில்லை. முழு மலை ஏறினால் முழு மொட்டை என்பது பேச்சு. ஏறாமல் மொட்டை போட்டால், நான் ஏறினேன் என்று முருகனிடமே நேரில் போய்ப் பொய்க் கையெழுத்துப் போடுவதாக ஆகிவிடும். போடாவிட்டால், ஏறவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் அவர் தலை மாட்டிக்கொண்டிருந்தது.

எனவே காரணங்கள். மேலே பட்ட வெயிலில் தலைத்தோல் உரிந்திருக்கிறது, கத்தி படக்கூடாது என்றார். ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிக் கூட்டத்தில் நமக்கென்ன அவசரம் என்றார். ஆவணியில் வணிகர்கள் சேர்ந்து பாராட்டு விழா எடுத்தார்கள். பல் மருத்துவரின் படம் பன்னிரண்டு அடிக்குப் பேனராக நின்றது. மேடையில் படம் எடுக்கும்போது முடி இருப்பது நல்லதுதானே என்றார். புரட்டாசியில் சளி.

பாலமுருகன் ஒரு ஞாயிறுகூட விடவில்லை. செருப்பைக் கழற்றும்போதே அக்கா கணவரிடம் ஆரம்பித்துவிடுவார்.

"இன்னா பாவா, தல இன்னும் அப்பிடியே கீது?"

நாகேந்திரன் செய்தித்தாளை உயர்த்துவார்.

"மலைய ஏறினதுக்கு மாலை வாங்கிக்கினே. மலைக்காரருக்குக் குடுக்க வேண்டியதுக்கு மட்டும் தவண சொல்லிக்கினு கீற. அவுரு இன்னா உன் கஸ்டமரா?"

கேலி வலிக்காது. இந்த இனத்துக்குத் தோல் தடிமன். வலித்தது வேறு. தாயாரம்மாள் பயப்பட ஆரம்பித்தார். ஐப்பசியில் மாவு பொங்கவில்லை. நாகேந்திரன் பைக்கோடு வழுக்கி விழுந்தார். அவருடைய ரத்த அழுத்தம் ஏறியது. கடையில் எட்டு டப்பா வெள்ளை பிரைமர் இறுகிப்போயிற்று. அத்தனைக்கும் காரணம் தாயாரம்மாளுக்குத் தெரியும். தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, மை பூசி, அலையோடு இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் தாயாரம்மாள் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு கிருத்திகைகளிலும். முழங்கால் வீங்கியது. அதுவும் நேர்த்திக்கடன் கணக்கில் சேர்ந்தது.

கார்த்திகை பிறந்த அன்று அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே.

"நீங்க குடுக்கலன்னா போவுது. நேர்ந்துகினது நான். வர்ற கிருத்திகைக்கி என் முடிய எறக்கிக்கிறேன்."

நாகேந்திரன் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். இதை நாம் மதிக்க வேண்டும். பல்லைத் தேய்த்து, விபூதி இட்டு, காப்பியைக் கையில் வாங்கி, நேராக உட்கார்ந்து, தாயாரு என்று கூப்பிட்டார். அவர் வந்து நின்றார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். நாகேந்திரன் வாயைத் திறந்தார்.

"அங்க மேல..."

ஆறு மாதமாக அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் என்ன வருமோ அதுவே வந்தது. தண்ணீர் எண்பது டிகிரியிலேயே கொதித்துவிடுமாம். தாயாரம்மாள் அடுக்களைக்குத் திரும்பினார். அன்றிலிருந்து அவர் தலை வாரவில்லை. போகிற முடிதானே என்று வெறும் முடிச்சாகப் போட்டுக்கொண்டார். அந்த முடிச்சை நாகேந்திரன் நான்கு நாள் பார்த்தார்.

ஐந்தாம் நாள் கடையில் பெயின்ட் அளவு போடும் தாளை எடுத்தார். ஏறியது எவ்வளவு, விட்டது எவ்வளவு? விட்டது இருநூற்றுப் பத்து மீட்டர். எதில் இருநூற்றுப் பத்து? நடந்து ஏறத் தொடங்கிய அடிவார முகாமிலிருந்து கணக்கிட்டால் ஆறில் ஒரு பங்கு வரும். தலையில் ஆறில் ஒரு பங்கு என்பது மறைக்கக்கூடிய பரப்பில்லை. கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய முப்பதில் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து கணக்கிட நியாயம் உண்டா என்று அவர் தன் மனசாட்சியைக் கேட்டார். விமானம் ஏற முதலில் சென்னைக்கு மின்சார ரயிலில் போனது நினைவுக்கு வந்தது. சென்னையில் கடல் இருக்கிறது. மனசாட்சி ஒப்புக்கொண்டது.

கார்த்திகைக் கிருத்திகையன்று காலை மூன்று பேரும் படியேறினார்கள். முந்நூற்று அறுபத்தைந்து படி. இத்தனை நாளும் நாகேந்திரன் அதைப் படிக்கட்டு என்று மதித்ததில்லை. வாகனப் பாதையில் பைக்கில் போய் வந்தார். அன்று இரண்டு கையிலும் மலையேற்றக் கம்பு, விரலில் கருவி, தலையில் கம்பளிக் குல்லாய். நூறாவது படியில் உட்கார்ந்து, உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும் என்றார். பால்குடத்தோடு ஓர் அம்மாள் அவரைத் தாண்டிப் போனார். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒருவர் தாண்டினார். இருநூறில் செருப்பைக் கழற்றிய கால் சுடுகிறது என்றார். முந்நூற்று நாற்பதில் கம்பின் திருகு தளர்ந்துவிட்டது என்று உட்கார்ந்து, திருகினார், அவிழ்த்தார், திருகினார்.

இமயத்தில் நோர்பு எப்போதும் முன்னால் நடந்தார். தாயாரம்மாள் பின்னால் வந்தார். வீங்கிய முழங்காலோடு, ஒரு படி கீழே நின்றார். நாகேந்திரன் எழுந்து மிச்சத்தை ஏறினார். வழிகாட்டி நிறுவனங்கள் இதை யோசிக்கலாம்.

முடி இறக்கும் இடத்தில் ஆறுமுகம் என்கிற நாவிதர் தலையில் தண்ணீரைத் தெளித்து அலையைக் கலைத்தார். அனுபவசாலி. ஒரு நாளைக்கு நாற்பது தலை. தாயாரம்மாளும் பாலமுருகனும் சந்தனம் வாங்கப் போயிருந்தார்கள். நாகேந்திரன் குனிந்த வாக்கில், முழுவதையும் எடுத்துவிட வேண்டாம், கொஞ்சம் விட வேண்டும் என்றார்.

"பூ முடியா சார்? அத மொதல்லியே சொல்றதில்ல?"

பூ முடி என்றால் ஒரு கற்றையை மட்டும் வெட்டிக் காணிக்கையாக்குவது; இது அதில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முப்பதில் ஒரு பங்கு மட்டும் விட வேண்டும் என்று நாகேந்திரன் விளக்கினார். கத்தி நின்றது.

"முப்பதுல ஒண்ணுன்னா ஸ்கேலு எடுத்துக்கினு வந்திருக்கணும் சார். கைக் கணக்குல வுட்டா ஒத்துப்பாரா?"

"யாரு?"

"யாருக்கு வேண்டுதலோ அவுரு."

நாகேந்திரன் யோசித்தார். ஒத்துக்கொள்வார் என்றார். கொஞ்சம் கூடுதலாகவே விடுங்கள், குறைய வேண்டாம் என்றும் சொன்னார். அவரைப் பற்றி இதுவரை நான் எழுதியதில் உங்களுக்குச் சிரிப்பு வந்திருந்தால், இந்த ஒரு வரிக்காக அதைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். இனி தொடரலாம்.

இடது காதுக்குப் பின்னால், பிடரிக்குச் சற்று மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கற்றை நின்றது. குளித்துவிட்டு வந்ததும் நாகேந்திரன் குல்லாயை எடுத்து மாட்டப்போனார். சந்தனம் பூசுவதற்கு முன்னால் மொட்டைக்கு ஏது குல்லாய்? தாயாரம்மாள் ஒரு கை நிறையச் சந்தனத்தை எடுத்து முன்னெற்றியிலிருந்து பூச ஆரம்பித்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது. நடு மண்டை, வலப்பக்கம், இடப்பக்கம், காதுக்குப் பின்னால். கை நின்றது.

விரல்கள் அந்தக் கற்றையை ஒரு முறை தடவின. மீண்டும் ஒரு முறை, அளவெடுப்பதைப்போல. நடைமேடையில் தான் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அவருக்கு நினைவிருந்தது. முழு மலை, முழு மொட்டை.

"எத்தினி?" என்று காதருகே கேட்டார்.

"இருநூத்திப் பத்து மீட்டரு."

தாயாரம்மாள் காதருகிலிருந்து நிமிர்ந்தார். பிறகு கிண்ணத்தில் இருந்த மிச்சச் சந்தனம் முழுவதையும் வழித்து, கற்றையின்மேல் அப்பி, உள்ளங்கையால் அழுத்தி, மண்டையோடு மண்டையாக மெழுகிவிட்டார்.

பாலமுருகன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, அங்க மட்டும் மேடா கீது?"

"மச்சம்டா. கத்தி படக்கூடாது. கௌம்பு, பெரிய வரிசையா கீது."

முருகன் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. மறுநாள் மாவு பொங்கிவிட்டது. அதைத் தாயாரம்மாள் ரசீதாக எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நாகேந்திரன் மலையைப் பற்றிப் பேசுவது குறைந்தது. ஆனால் இந்த இனம் ஒருவர் நிறுத்தினால் அழிந்துவிடுகிற இனமா? இப்போது தாயாரம்மாள் பேசுகிறார். வீட்டுக்கு வருகிற பெண்களிடம், எங்க வூட்டுக்காரு அங்க மேல முழுசா ஏறி நின்னாரு என்கிறார். உச்சியில் வீசிய காற்றைப் பற்றி நாகேந்திரன் சொல்லாத விவரங்கள்கூட அவரிடம் இருக்கின்றன. கடையில் நாள்காட்டி மெலிந்து 'பங்கேற்றார்' எட்டிப் பார்க்கத் தொடங்கியபோது, புது வருட நாள்காட்டியைப் பதினைந்து நாள் முன்னதாகவே வாங்கி மாட்டியவரும் அவர்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். மலைப்பக்கமே போனதில்லை என்கிறீர்கள். ஆங், இருக்கட்டும். சர்க்கரையை அறவே விட்டுவிட்டதாகச் சொல்கிறீர்களே, மாலை டீயோடு வரும் அந்த ஒரு பிஸ்கட்? அலமாரியில் நிற்கும் எண்ணூறு பக்க நாவலை யாராவது கேட்டால் மெல்லச் சிரிக்கிறீர்களே, பக்கம் குறித்துவைத்த அட்டை ஐந்நூற்றுச் சொச்சத்தில் நிற்கிறது. அவ்வளவு எதற்கு? இந்தக் கட்டுரையிலேயே நடுவில் ஒரு பத்தியைத் தாண்டித்தானே இங்கே வந்து சேர்ந்தீர்கள்? நாளைக்கு யாராவது கேட்டால் முழுவதும் படித்தேன் என்றுதான் சொல்லப்போகிறீர்கள்.

சொல்லுங்கள். நான் மறுக்கப்போவதில்லை. அதற்கு முன்னால், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, இடது காதுக்குப் பின்னால் ஒரு தரம் தடவிப் பாருங்கள். கட்டைவிரல் அகலத்துக்கு மேல் இருந்தால், கொஞ்சம் சந்தனம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.